சின்ன எண்ணெய்க் கடைக்கு வெப்சைட்ல பிளாக் எழுதணுமா?

செக்குக்காரி
வணக்கமுங்க. காங்கேயம் பக்கத்துல மரச்செக்கு வச்சிருக்கோம். தேங்காய், கடலை, எள்ளு, மூணே எண்ணெய்தான். மாமனார் காலத்துத் தொழில். செக்கும் கொள்முதலும் அவர் கையில; வாட்ஸ்அப், பார்சல், வெப்சைட் என் தலையில. உள்ளூர் வியாபாரம் அதும்பாட்டுக்கு நடக்குது, கொப்பரை கொண்டாந்து ஆட்டிட்டுப் போறவங்களும் இருக்காங்க. வெளியூர் ஆர்டர்னா சென்னையும் பெங்களூருந்தான்.

வெப்சைட்டுல இப்ப மூணு எண்ணெய் படம், விலை, போன் நம்பர், அவ்வளவுதான். ஒரு ஏஜென்சிக்காரங்க வந்து "பிளாக் இல்லாத வெப்சைட் கூகுள் கண்ணுக்கே தெரியாது, மாசம் 8 கட்டுரை, 15,000 ரூபாய்"ங்கறாங்க. மாதிரிக்கு அனுப்பின தலைப்புங்க: "நல்லெண்ணெயின் 10 அற்புத நன்மைகள்", "சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும் மரச்செக்கு எண்ணெய்", "நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல".

மாமனார் ஒரே கேள்விதான் கேட்டாருங்க. "எண்ணெய் வாங்க வர்றவன் கட்டுரை படிச்சுட்டா வாங்குவான்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியல. சொந்தமா கடை, பட்டறை, சின்ன கம்பெனி வச்சிருக்கறவங்க சொல்லுங்க. எழுதினதால யாருக்காவது ஒரு ஆர்டராவது வந்திருக்குதுங்களா?

மிக்ஸி_டாக்டர்
மாமனாருக்கு ஒரு சல்யூட்.

மதுரையில மிக்ஸி, கிரைண்டர் சர்வீஸ் கடை நம்மது. காலையில சட்னி அரைக்கும்போது மோட்டார் கருகுன வாடை வந்துச்சுன்னா அந்தம்மா போனை எடுத்து "பக்கத்துல மிக்ஸி ரிப்பேர்"னு தேடும். மேப்புல மேல வர்ற மூணு கடையில நம்ம கடை இருக்கணும். திறந்திருக்குன்னு காட்டணும். நம்பரைத் தொட்டா ரிங் போகணும். அதுக்குமேல நம்மகிட்ட படிக்கிறதுக்கு என்ன இருக்கு? கடை போட்டோ, நேரம், லீவு நாள் எல்லாம் மேப்புல சரியா வச்சிருக்கேன். வேலை முடிஞ்சு சிரிச்ச முகமா போறவங்ககிட்ட ரெண்டு வரி ரிவ்யூ கேட்பேன். வெப்சைட்டே கிடையாது. மாசம் 15,000 இருந்தா மிக்ஸி மோட்டாருக்கு ஆர்மேச்சர் வாங்கி அடுக்கிருவேன்.

பழைய_பதிவர்
டாக்டர் தம்பி சொன்னது அவர் தொழிலுக்கு முழுக்கச் சரி. எண்ணெய்க்கு அப்படியே பொருந்தாது. மதுரை மிக்ஸிக்குப் பெங்களூர்க்காரன் வரப்போறதில்லை. காங்கேயத்து எண்ணெயை அவன்தான் முகம் பார்க்காமல், முன்பணம் கட்டி வாங்குகிறான்.

தமிழ் பிளாக்குகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் 2004-இல் வந்த நாளிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கண் முன்னால் எத்தனையோ இடம் காலியாகிவிட்டது. பிளாக்குகளைத் தொடர்ந்து படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள். கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019-இல் போனது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதை நம்பிப் புடவையும் பாத்திரமும் விற்றவர்கள் மறுநாள் காலை எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றார்கள். கூகுள் தன் கடைப் பட்டியலோடு இலவசமாகச் செய்து கொடுத்த சின்ன வெப்சைட்டுகளையும் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. நம் ஊரில் எத்தனை பேக்கரி, எத்தனை டைலர் கடைக்கு அது ஒன்றுதான் வெப்சைட்டாக இருந்தது!

அதனால் அம்மா, உங்கள் பெயரில் உள்ள டொமைனில் (சொந்த வெப்சைட் முகவரியில்), உங்கள் எழுத்து இருக்கட்டும். இன்ஸ்டாகிராம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வாடகை வீடு.

மீம்ஸ்_மாமா
சொந்த வீடு கட்டிட்டு வருஷக்கணக்கா பூட்டி வச்சிருக்கிற பதிவர்களை எனக்குத் தெரியும் அண்ணே. கடைசிப் பதிவு: "இனி அடிக்கடி எழுதுவேன்".

பழைய_பதிவர்
@மீம்ஸ்_மாமா என்னைத்தான் சொல்கிறாய் என்று புரிகிறது.

தேடல்_ஆள்
நான் அந்தப் பக்கத்து ஆள். சென்னையில ஒரு ஏஜென்சியில எஸ்இஓ, அதாவது கூகுள் தேடல்ல வெப்சைட்டை மேல கொண்டு வர்ற வேலை, பார்க்கிறேன். தொழில் ரகசியம் கொஞ்சம் உடைக்கிறேன், கோபிச்சுக்காதீங்க.

15,000-த்தை எட்டால வகுங்க. ஒரு கட்டுரைக்கு 1,900 கூட வரலை. அதுல ஆபீஸ் வாடகை, ஆளுங்க சம்பளம், லாபம் எல்லாம் போக எழுதுறவர் கைக்கு என்ன போகும்? அவர் செக்கைக் கண்ணால பார்த்திருக்க மாட்டார். கூகுள்ல முதல் பக்கத்துல இருக்கிற அஞ்சு கட்டுரையைக் கலக்கி ஆறாவதா ஒண்ணு செய்வார், இப்போ அதையும் ஏஐ செஞ்சு கொடுத்துருது. இப்படி மொத்தமா உற்பத்தி பண்ற பக்கங்களைக் குப்பைன்னு ஒதுக்குவோம்னு 2024 மார்ச்ல கூகுள் விதியாவே போட்டுருச்சு.

இன்னொண்ணு. "நல்லெண்ணெய் நன்மைகள்"னு தேடுறவர் யார்? பள்ளிக்கூடப் பிள்ளை, தலைக்குத் தேய்ச்சுக் குளிக்கலாமான்னு யோசிக்கிறவர், சும்மா தேடுறவர். வாங்குறவர் அதுல ரொம்பக் கொஞ்சம். அவங்களும் இப்ப கட்டுரைக்குள்ள வர்றதில்லை. கூகுளே பதிலைத் திரட்டி உச்சியில வைக்கிற ஏஐ சுருக்கம் 2024 ஆகஸ்ட்ல இந்தியாவுக்கு வந்தாச்சு. பொதுவான கேள்விக்கெல்லாம் பதிலை அங்கேயே படிச்சுட்டுப் போயிடுறாங்க.

ஆனா "பிளாக் இல்லாட்டி கூகுளுக்குத் தெரியாது"ங்கிறது பொய். மூணே பக்கம் இருக்கிற வெப்சைட்டையும் கூகுள் படிக்கும். அதுல படிக்கிற மாதிரி விஷயம் இருக்கணும், அவ்வளவுதான். உங்க வாட்ஸ்அப்பைத் திறந்து பாருங்க. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஜனங்க என்ன கேட்கிறாங்க, பார்சல் போய்ச் சேர்ந்த பிறகு என்ன கேட்கிறாங்க? எழுத வேண்டியது அதைத்தான். அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்துல ரிவர் பூல்ஸ்னு ஒரு நீச்சல் குளம் கட்டுற கம்பெனி. 2008 பொருளாதாரச் சரிவுல தள்ளாடிட்டு இருந்தாங்க. வாடிக்கையாளர் கேட்ட கேள்வி ஒவ்வொண்ணுக்கும், போட்டிக் கம்பெனிங்க வாயே திறக்காத விலை உட்பட, வெப்சைட்டுல பதில் எழுதினாங்க. எழுந்து நின்னுட்டாங்க. எங்க தொழில்ல எல்லாரும் இந்தக் கதையைச் சொல்லுவோம். சொல்லிட்டு, எட்டுக் கட்டுரை பேக்கேஜை விப்போம்.

லேபிள்_தம்பி
ரெண்டாவது தலைப்பைப் பார்த்ததும் பகீர்னுச்சு. உணவுப் பொருளுக்கு லேபிள், லைசென்ஸ் வேலை செஞ்சு கொடுக்கிறவன் நான். அக்கா, தயவு செஞ்சு "சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும்"னு எதையும் உங்க வெப்சைட்டுல ஏத்திடாதீங்க.

2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல விளம்பரம்னா என்னன்னு ஒரு விளக்கம் இருக்கு. ஒளி, ஒலி, புகை, வாயு, அச்சு, மின்னணு ஊடகம், இணையம், வெப்சைட், லேபிள், பில் வரைக்கும் அடுக்கிருக்காங்க. (புகையில யார் எண்ணெய் விளம்பரம் பண்ணுவாங்கன்னு எனக்கும் புரியலை.) அதாவது உங்க வெப்சைட்டுல இருக்கிற கட்டுரை சட்டத்தோட கண்ணுக்கு விளம்பரம். "நாங்க விளம்பரம் பண்ணலை, தகவல்தான் கொடுத்தோம்"னு சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு உணவு நோயைத் தடுக்கும், குணமாக்கும்னு சொல்றதை 2018-ல வந்த விளம்பரம், உரிமைகோரல் (பொருளுக்கு இன்ன குணம் உண்டுன்னு சொல்றது) ஒழுங்குமுறைகள் தடுக்குது. தவறா வழிநடத்துற விளம்பரத்துக்கு 2006 சட்டத்தோட 53-வது பிரிவுல அபராதம் 10 லட்சம் வரைக்கும் போகலாம். மருந்து மாதிரியே "சர்க்கரைக்கு இது, பிரஷருக்கு அது"ன்னு பேசினா மருந்து விளம்பரத்தைக் கட்டுப்படுத்துற 1954 மாயத் தீர்வுச் சட்டமும் எட்டிப் பார்க்கும்.

கேஸ் வந்தா ஏஜென்சி மேல வராது. லைசென்ஸ் நம்பர் யாருதோ அவங்க மேலதான் வரும்.

செக்குக்காரி
ஐயோ சாமி. அந்தத் தலைப்பைத்தான் அவங்க "நல்லா ஓடும்"னு சொன்னாங்க. மாமனார்கிட்ட படிச்சுக் காட்டினேன், "நான் என்ன டாக்டரா?"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

@தேடல்_ஆள் நீங்க சொன்ன மாதிரி வாட்ஸ்அப்பைப் புரட்டிப் பார்த்தேனுங்க. அதுவே ஒரு புஸ்தகம் மாதிரி இருக்குது. திரும்பத் திரும்ப வர்றது இதெல்லாம்: கடலை எண்ணெய் பொங்குது, கலப்படமா? தேங்காய் எண்ணெய் கட்டியாயிருச்சு, மெழுகு கலந்தீங்களா? அடியில கசடு நிக்குது. நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி போட்டீங்களா, வெல்லமா? கொப்பரைக்குக் கந்தகம் புகை போட்டதா? ஒரு லிட்டர்னு சொல்லிட்டு எடை போட்டா 910 கிராம்தான் இருக்குது. கடையில பாக்கெட் இவ்வளவு, உங்களுது மட்டும் ஏன் இந்த விலை? ஒவ்வொருத்தருக்கும் இதைத்தான் ராத்திரி உட்கார்ந்து டைப் அடிச்சுட்டு இருக்கறேன்.

ஒயிட்ஃபீல்டு_வாசி
வாங்குற ஆளா சொல்றேன். பெங்களூர்ல இருக்கேன், ஊர் தாராபுரம் பக்கம். ஊர்ல இருந்து எண்ணெய் கொண்டாந்து கொடுத்துட்டு இருந்த அம்மாவுக்கு இப்ப முடியலை, அதனால ஆன்லைன்ல தேடி வாங்குறேன்.

மரச்செக்குன்னு போட்டு ஆயிரம் பேர் விக்கிறாங்க. எல்லார் வெப்சைட்டும் ஒரே மாதிரி. மாட்டுவண்டிப் படம், பச்சை இலை, "பாரம்பரியம்", "தூய்மை". நிஜமாவே செக்கு வச்சிருக்கிறவர் யாரு, எங்கேயோ டின் வாங்கி பாட்டில்ல ஊத்தி ஸ்டிக்கர் ஒட்டுறவர் யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்க்கிறது ஒண்ணுதான்: இவங்களுக்கு எண்ணெயைப் பத்தி ஏதாவது தெரியுதா? டிசம்பர்ல இங்க தேங்காய் எண்ணெய் கல்லு மாதிரி ஆயிடும். "24 டிகிரிக்குக் கீழ போனா தேங்காய் எண்ணெய் உறையத்தான் செய்யும், பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணியில வைங்க, அடுப்புல நேரா வைக்காதீங்க"ன்னு ஒரு பக்கம் இருந்தா, சரி, இவங்க இந்தக் கேள்விக்கு நூறு பேருக்குப் பதில் சொன்னவங்கன்னு நம்பிக்கை வரும்.

விலையையும் எழுதுங்க. 2025-ல கொப்பரை விலை தாறுமாறா ஏறுனப்ப நான் வாங்குற இடத்துல சத்தமில்லாம விலையைக் கூட்டினாங்க. காரணத்தை ரெண்டு வரி சொல்லியிருந்தா அப்படியே வாங்கியிருப்பேன். சொல்லலை, வேற ஆள் பார்த்தேன்.

மிக்ஸி_டாக்டர்
இது பிளாக் இல்லை பாஸ், கேள்வி பதில். அதுக்கு எதுக்கு பிளாக்குன்னு பேரு, தேதி, மாசம் எட்டு?

தேடல்_ஆள்
கரெக்ட். அதைத்தான் சொல்ல வந்தேன். தேதி போடுற பிளாக் சின்னக் கடைக்கு ஆபத்து. கடைசிப் பதிவு 2021 தீபாவளி வாழ்த்துன்னு நின்னா, பார்க்கிறவர் கடையை மூடிட்டாங்க போலன்னு நினைச்சுப்பார். எண்ணெய் ஏன் உறையுதுங்கிறதுக்குத் தேதி எதுக்கு? நிலையான பக்கமா வைங்க. ஏழெட்டு இருந்தாலே நிறைய. எப்ப புதுக் கேள்வி வருதோ அப்ப ஒண்ணு.

பழைய_பதிவர்
இங்கேதான் நான் ஒத்துப்போக மாட்டேன். தேதி உள்ள எழுத்துக்கு ஓர் உயிர் இருக்கிறது. "இந்த வாரம் வெள்ளகோவில் ஏலத்தில் கொப்பரை இவ்வளவுக்குப் போனது, அதனால் அடுத்த ஆட்டத்திலிருந்து லிட்டருக்கு இவ்வளவு கூடும்" என்று எழுத தேதி வேண்டாமா? இந்த ஆண்டு எள் எந்த ஊரிலிருந்து வந்தது, நிறம் ஏன் கொஞ்சம் கறுப்பு, மழையில் எத்தனை நாள் காயப்போட முடியாமல் செக்கு நின்றது, இதெல்லாம் ஒரு தொழிலின் நாட்குறிப்பு. டின் வாங்கி ஊற்றுகிறவன் எழுதவே முடியாத எழுத்து இது. ஏஐயும் எழுத முடியாது, அது வெள்ளகோவில் ஏலத்துக்குப் போகவில்லை. நீங்கள் எல்லாவற்றையும் கேள்வி பதிலாகச் சுருக்கினால், நாளைக்குப் பக்கத்துச் செக்குக்காரர் அதை அப்படியே நகல் எடுத்து ஒட்டிக்கொள்வார். நாட்குறிப்பை நகல் எடுக்க முடியுமா?

தேடல்_ஆள்
பதிவர் சார், அழகாத்தான் இருக்கு. ஆனா அதை எழுதுறது யார்? பார்சல் கட்டி, கூரியர்காரரோட மல்லுக்கட்டி, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்துட்டு அக்கா ராத்திரி உட்கார்ந்து எள்ளு நிறத்தைப் பத்தி எழுதணுமா? முதல் மாசம் எழுதுவாங்க. மூணாவது மாசம் நின்னுடும். நின்ன நாட்குறிப்பு, இல்லாததைவிட மோசம்.

ஆத்தங்குடி_கல்
செட்டிநாட்டுப் பக்கம் தரையில பதிக்கிற பூக்கல் செய்யற பட்டறை எங்களுது. "எழுதினதால ஆர்டர் வந்திருக்கா"ன்னு கேட்டிருந்தீங்க. வந்திருக்கு. எதை எழுதி வந்துச்சுன்னு சொல்றேன், அது கொஞ்சம் விசித்திரம்.

எங்க கல் சூளையில சுடுறதில்லை. கண்ணாடி மேல அச்சுச் சட்டத்தை வச்சு, ஆக்சைடு கலந்த சிமெண்டைக் கரண்டியால ஊத்தி, மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணியில ஊறப்போட்டுக் காய வைக்கிறது. பளபளப்பு கண்ணாடியால வர்றது. கையால செய்யறதால ஒரு கல்லு மாதிரி இன்னொண்ணு இருக்காது. இதையெல்லாம் பெருமையா முதல்ல எழுதிப் போட்டோம். நல்லா இருக்குன்னு பாராட்டினாங்க, யாரும் வாங்கலை.

அப்புறம் என் தங்கச்சி "இந்தக் கல்லை எங்கே போடக்கூடாது"ன்னு ஒரு பக்கம் எழுதினா. மழையும் வெயிலும் நேரா அடிக்கிற மொட்டைமாடிக்கு வேண்டாம். ஆசிட் ஊத்திக் கழுவுற பழக்கம் இருக்கிற வீட்டுக்கு வேண்டாம், சிமெண்டை ஆசிட் தின்னுடும். ஒரே நிறம் பிசிறில்லாம வேணும்னு எதிர்பார்க்கிறவங்க கம்பெனி டைல்ஸ் வாங்கிக்கலாம். பதிக்கிற கொத்தனாருக்கு இந்தக் கல் பழக்கம் இல்லைன்னா முதல்லயே எங்களைக் கேளுங்க. இப்படி ஒரு பட்டியல். அப்பா சத்தம் போட்டார், வர்ற வியாபாரத்தைக் கெடுக்கிறீங்கன்னு.

கேரளா, ஹைதராபாத்ல இருந்து கூப்பிடுற ஆர்க்கிடெக்ட் எல்லாம் அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டுத்தான் கூப்பிடுறாங்க. அவங்களுக்கு வீட்டுக்காரர் கேட்கிற கேள்விக்குப் பதில் வேணும். ஒரு வீட்டுக்கு லட்சக்கணக்குல கல் எடுக்கிறவர் ரெண்டு மாசம் யோசிப்பார், படிப்பார், திரும்ப வந்து படிப்பார். மிக்ஸி டாக்டர் வாடிக்கையாளருக்கு அஞ்சு நிமிஷம், எங்களுக்கு ரெண்டு மாசம். எண்ணெய் எங்கே நிக்குதுன்னு நீங்கதான் பார்க்கணும். முதல் பாட்டில் வாங்குறவர் யோசிப்பார், பத்தாவது பாட்டில் வாங்குறவர் வாட்ஸ்அப்புல "ரிப்பீட்"னு மட்டும் போடுவார், இல்லையா?

நெறியாளர்
"குறைந்த கட்டணத்தில் கட்டுரை எழுதித் தரப்படும்" என்று தொடர்பு எண்ணுடன் வந்த இரண்டு மறுமொழிகள் நீக்கப்பட்டன. விளம்பரப் பகுதி தனியாக இருக்கிறது.

மீம்ஸ்_மாமா
இந்த இழையிலேயே வந்து விக்கிறான் பாரு, அவன்தான்யா வியாபாரி.

கணக்குப்புள்ள
உணர்ச்சிவசப்படாம ஒரு கணக்கு. மாசம் 15,000, வருஷத்துக்கு 1,80,000. 18% ஜிஎஸ்டி தனி. எண்ணெய்ல லிட்டருக்கு எல்லாச் செலவும் போக 40 ரூபாய் நிக்குதுன்னு வச்சுக்குங்க (உங்க கணக்கு உங்களுக்குத் தெரியும்). அந்தக் காசை எடுக்கவே வருஷத்துக்கு 4,500 லிட்டர் கூடுதலா விக்கணும். அதுக்கு மேல விக்கிறதுதான் லாபம். உங்க செக்கு அவ்வளவு ஆட்டுமான்னு முதல்ல பாருங்க.

சொந்தமா எழுதுறதும் இலவசம் இல்லை. உங்க ராத்திரிக்கும் ஒரு விலை உண்டு. ஆனா வாட்ஸ்அப்புல தினமும் அதே பதிலை டைப் அடிக்கிறீங்களே, அந்த நேரத்தை ஏற்கெனவே செலவழிச்சுட்டுத்தான் இருக்கீங்க. அதை ஒரு இடத்துல எழுதி வச்சு, கேட்கிறவங்களுக்கு லிங்க் அனுப்புறது செலவைக் குறைக்கிற வேலை. கூகுள்ல இருந்து ஒரு ஆள்கூட வரலைன்னாலும் நஷ்டமில்லை.

செக்குக்காரி
இது எனக்குப் புடிச்சிருக்குதுங்க. கூகுளுக்காக எழுதறதுன்னா கை ஓடல. ஏற்கெனவே கேட்டவங்களுக்கு எழுதறதுன்னா ஓடுது. நேத்து ஒண்ணு எழுதிப் பார்த்தேன், திட்டாம படிச்சுச் சொல்லுங்க.

"கடலை எண்ணெய் பொங்குகிறதா? செக்கில் ஆட்டிய எண்ணெயில் கடலையின் பசை கொஞ்சம் தங்கியிருக்கும். ரீஃபைன்டு எண்ணெயில் அதை எடுத்துவிடுவார்கள். அதனால்தான் எங்கள் எண்ணெய் காயும்போது நுரை கட்டுகிறது. எந்தக் கெமிக்கலும் இல்லாத, கொலஸ்ட்ரால் இல்லாத சுத்தமான எண்ணெய் என்பதற்கு இதுவே அடையாளம். வாணலியில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். மிதமான தீயில் காயவிடுங்கள். மாவில் ஈரம் அதிகமாக இருந்தாலும் பொங்கும். ஒருமுறை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் நுரை கூடிக்கொண்டே போகும், அதை மறுபடி பலகாரத்துக்கு எடுக்காதீர்கள்."

லேபிள்_தம்பி
நல்லா இருக்கு அக்கா. நடுவுல இருக்கிற "எந்தக் கெமிக்கலும்" வாக்கியத்தை மட்டும் தூக்கிடுங்க. கடலை எண்ணெய் எதுலயுமே கொலஸ்ட்ரால் கிடையாது. உங்க எண்ணெயில மட்டும் இல்லாத மாதிரி எழுதினா அது தவறான உரிமைகோரல். நுரை வந்தா சுத்தம்னும் சொல்ல முடியாது. பழைய எண்ணெயும் நுரைக்கும்னு நீங்களே கீழ எழுதிருக்கீங்க. "சுத்தம்", "இயற்கை", "பாரம்பரியம்" மாதிரி வார்த்தைகளுக்கும் 2018 ஒழுங்குமுறையில நிபந்தனை இருக்கு, கண்ட இடத்துல போட முடியாது.

ஒயிட்ஃபீல்டு_வாசி
பொங்கும்போது எங்கம்மா சின்னதா ஒரு புளி உருண்டை போடுவாங்க, அடங்கிடும். அதையும் சேருங்க. அந்த ஒரு வரிக்காகவே லிங்கை எங்க அபார்ட்மெண்ட் குரூப்புல போட்டுருவேன்.

செக்குக்காரி
புளி எங்க வீட்டுலயும் போடறதுதானுங்க, எழுதணும்னு தோணல. சேர்த்தறேன். கொலஸ்ட்ரால் வரியைத் தூக்கியாச்சு. பாட்டில் ஸ்டிக்கர்லயும் அந்த வரி இருக்குது, அதை என்ன பண்றது?

லேபிள்_தம்பி
அடுத்த பிரிண்ட்ல எடுத்துடுங்க. லேபிள் படம் ஒண்ணு தனிச் செய்தியில அனுப்புங்க, வேற ஏதாவது இருக்கான்னு பார்க்கிறேன். காசு வேண்டாம்.

அந்த 910 கிராம் கேள்விக்கும் ஒரு பக்கம் கட்டாயம் போடுங்க. எண்ணெய் தண்ணியைவிட லேசு, லிட்டர்ங்கிறது கொள்ளளவு, 1,000 கிராம் வராது. பெரிய கம்பெனிங்க 60 டிகிரி சூட்டுல அளந்ததா சின்ன எழுத்துல போட்டு எடையைக் குறைச்சுக்கிட்டு இருந்தாங்க. சூடானா எண்ணெய் விரியும், அதே ஒரு லிட்டருக்கு எடை குறையும். 2022 ஆகஸ்ட்ல மத்திய அரசு வெப்பநிலை போடாம அளவையும் எடையையும் போடச் சொல்லி, 2023 ஜனவரி 15 வரைக்கும் அவகாசம் கொடுத்துச்சு. நீங்க பாட்டில்ல லிட்டரும் கிராமும் ரெண்டும் போட்டிருந்தா அதைப் படம் எடுத்து அந்தப் பக்கத்துலயே வைங்க, சண்டை பாதி குறையும்.

ஆத்தங்குடி_கல்
விலைப் பக்கத்தை விட்டுடாதீங்க. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு எத்தனை கிலோ பருப்பு போகுது?

செக்குக்காரி
பருப்பைப் பொறுத்துங்க. ரெண்டரைக் கிலோ பக்கம் போகும். பெரிய ஆலையில கரைப்பான் ஊத்திப் புண்ணாக்குல இருக்கறதையும் கடைசிச் சொட்டு வரைக்கும் எடுத்துருவாங்க. செக்குல அது முடியாது, புண்ணாக்குல எண்ணெய் நிக்கும். எங்க புண்ணாக்குக்கு மாட்டுக்காரங்க வரிசையில நிக்கறது அதனாலதான். பருப்பு விலை, ஆட்டற கூலி, பாட்டில், புண்ணாக்கு வித்த வரவு எல்லாம் போட்டு எழுதட்டுங்களா? மாமனார் ஒத்துக்கணும்.

மிக்ஸி_டாக்டர்
லாபத்தை எழுதாதீங்க. மத்ததை எழுதுங்க.

கணக்குப்புள்ள
வழிமொழிகிறேன்.

பழைய_பதிவர்
தமிழில் எழுதுவீர்கள்தானே? ஏஜென்சி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருப்பார்களே.

தேடல்_ஆள்
ரெண்டுலயும். நிறைய பேர் தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துலதான் அடிச்சுத் தேடுறாங்க. பெங்களூர்ல பிறந்து வளர்ந்த பிள்ளைங்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. முதல்ல தமிழ்ல எழுதுங்க, வார்த்தை உங்களுக்கு அதுலதான் வரும். அப்புறம் அதே விஷயத்தை இங்கிலீஷ்ல தனிப் பக்கமா வைங்க. ஒரே பக்கத்துல ரெண்டையும் கலக்க வேண்டாம். கூகுள் சர்ச் கன்சோல் இலவசம்தான், அதுல வெப்சைட்டைச் சேர்த்துட்டா யார் என்ன வார்த்தை அடிச்சு உங்ககிட்ட வந்தாங்கன்னு தெரியும். மூணு மாசம் கழிச்சு அதைத் திறந்து பார்த்துட்டு அடுத்து எதை எழுதலாம்னு முடிவு பண்ணுங்க. அதுக்கு முன்னாடி தினமும் போய்ப் பார்க்காதீங்க, மனசு விட்டுடும்.

வாட்ஸ்அப் பிசினஸ்ல குவிக் ரிப்ளைன்னு ஒண்ணு இருக்கு. "பொங்குது"ன்னு ஒரு சுருக்கு வச்சு, ரெண்டு வரி பதிலும் அந்தப் பக்கத்தோட லிங்கும் போட்டு வச்சிடுங்க. வெறும் லிங்கை மட்டும் அனுப்பாதீங்க, விரட்டுற மாதிரி இருக்கும்.

பழைய_பதிவர்
ஏல விலையை மட்டுமாவது தேதியோடு போடுங்கள் அம்மா. இரண்டு வரி போதும்.

செக்குக்காரி
அது மாமனார் வேலைங்க. ஏலத்துக்குப் போயிட்டு வந்து எப்படியும் எனக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவாரு, "இன்னைக்கு இத்தனைக்குப் போச்சு, வாங்கல"ன்னு. அதைக் கேட்டு எழுதிப் போட்டுருவேன். ஏஜென்சிக்கு வேண்டாம்னு சொல்லியாச்சு. பக்கத்துக்கு 1,000 ரூபாய் வீதம் ஏழு பக்கத்தை இங்கிலீஷ்ல மாத்திக் கொடுக்க மட்டும் ஒரு காலேஜ் பொண்ணைக் கேட்டிருக்கறேன், அவங்களுக்கும் ஊர் இதேதான், செக்கு பார்த்தவங்க. @கணக்குப்புள்ள அண்ணா, அவங்களுக்குக் கொடுக்கறதுக்கு ரசீது எப்படி எழுதி வாங்கறதுங்க?

கணக்குப்புள்ள
அவங்க பேர், என்ன வேலை, எத்தனை பக்கம், தொகை, தேதி எழுதிக் கையெழுத்து வாங்கிக்குங்க. பணத்தைக் கையில கொடுக்காம அக்கவுண்டுல போடுங்க. அவ்வளவு சின்னத் தொகைக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.